ஐந்து தோட்டா ரிவால்வரை இன்னும் ஏன் வாங்குகிறார்கள்?

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்ற குட்டி ரிவால்வரின் எடை, தோட்டா போடாமல், சுமார் 415 கிராம். அதன் ட்ரிகரை முழுசாக இழுத்து ஒரு தோட்டாவைச் சுட, ஆள்காட்டி விரல் ஏறக்குறைய ஐந்தரை கிலோ பாரத்தை இழுக்கும் அளவுக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். துப்பாக்கியின் எடையைப் போல பத்து மடங்குக்கும் மேல். அரை கிலோகூட இல்லாத ஒரு பொருளை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, அதே கையின் ஒரு விரலால் இவ்வளவு பாரத்தை இழுக்க வேண்டும். இழுத்து முடிக்கும்வரை குறியும் நகரக் கூடாது.

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் அறிவுரை ஒன்று உண்டு. முதல் தடவை வாங்குகிறீர்களா, பெண்ணா, வயசானவரா, அப்படியானால் சின்ன ரிவால்வராக எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் லேசு என்பார்கள். இதில் பாதி சரி. வைத்துக்கொள்ள, புரிந்துகொள்ள, தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ரிவால்வரைப் போல லேசான துப்பாக்கி கிடையாது. சும்மா இருக்கும்போது அது பரம சாது. சுட எடுக்கும்போதுதான் ஆளைச் சோதிக்கும். புதியவருக்குக் கொடுக்கும் அந்தக் குட்டி ரிவால்வர், உண்மையில் கைதேர்ந்தவர் கையில் மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும் சாதனம். இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற விவாதங்களெல்லாம் தானாக விளங்கும்.

காரணம் இயந்திரத்திலேயே இருக்கிறது. இன்றைய தற்காப்பு ரிவால்வர்கள் ‘டபுள் ஆக்‌ஷன்’ வகை. ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் மூன்று வேலை நடக்கும். தோட்டாக்கள் உட்காரும் அறைகள் கொண்ட உருளையான சிலிண்டர் சுழன்று, அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ளும். சுத்தியல் பின்னால் போய் ஸ்பிரிங்கை இறுக்கும். கடைசியில் சுத்தியல் விடுபட்டுத் தோட்டாவின் அடியில் அடிக்கும். மூன்றுக்கும் சக்தி கொடுப்பது விரல். பிடிக்குள் செருகும் ‘மேகசின்’ என்ற பெட்டியில் தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பிஸ்டலில் கதை வேறு. ஒரு தோட்டா வெடிக்கும்போது எழும் உதைப்பே மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவைக்கிறது. பிஸ்டலில் அடுத்த தோட்டாவை ஏற்றுவது முந்தைய தோட்டாவின் வேலை. முந்தையது சரியாக வெடிக்காவிட்டால் சங்கிலி அறுந்துபோகும். இரண்டு கையாலும் ஸ்லைடை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ரிவால்வரில் புஸ்ஸென்று போன தோட்டாவைப் பற்றிக் கவலையில்லை. மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும்.

அதனால்தான் போலீஸ்காரர்கள் இடுப்பில் இது இத்தனை காலம் தாக்குப்பிடித்தது. சாமுவேல் கோல்ட் தன் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1836-ல். ஆனால் நாம் பழைய சினிமாப் படங்களில் பார்க்கும் போலீஸ் ரிவால்வரின் வடிவம் 1899-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ மாடலோடு நிலைபெற்றது. பின்னாளில் மாடல் 10 என்று பெயர் பெற்ற அது அறுபது லட்சம் அளவுக்குத் தயாரானது. அதனுடன் வந்த .38 ஸ்பெஷல் தோட்டா (இந்தப் புள்ளி எண்கள் தோட்டாவின் பருமனை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்பவை) இன்றும் குட்டி ரிவால்வர்களின் அடிப்படைத் தோட்டா.

சாதாரண உடையில் சுற்றும் துப்பறியும் போலீசுக்கு நீளக் குழல் இடைஞ்சல். 1927-ல் கோல்ட் நிறுவனம் இரண்டு அங்குலக் குழலோடு ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’ ரிவால்வரை விட்டது. அதில் ஆறு தோட்டா. 1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இன்னும் சின்னதாக ஒன்றைச் செய்து, கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த போலீஸ் தலைவர்கள் மாநாட்டுக்குக் கொண்டுபோனது. மாநாட்டுக்கு வந்தவர்களையே ஓட்டுப் போட வைத்துப் பெயர் சூட்டினார்கள்: ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’. சிலிண்டரின் சுற்றளவைக் குறைக்க ஒரு தோட்டாவை விட்டுக்கொடுத்தார்கள், ஐந்துதான். இரண்டு வருடம் கழித்து, கம்பெனியின் நூற்றாண்டில், சுத்தியல் உள்ளேயே மறைந்திருக்கும் ‘சென்டினியல்’ வந்தது. இன்று கடையில் விற்கும் 642 அதன் நேர் வாரிசு. எழுபது வருடத்துக்கு முந்தைய வடிவமைப்பு அப்படியே அலுமினிய உடம்போடு விற்கிறது.

போலீஸ் இதை ஏன் கைவிட்டது? இல்லினாய் மாநிலப் போலீஸ் 1967-லேயே பிஸ்டலுக்கு மாறிவிட்டது, மற்றவர்கள் அசையவில்லை. 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹாலில் இரண்டு குற்றவாளிகளோடு நடந்த மோதலில் சில நிமிடங்களில் நான்கு நெடுஞ்சாலைப் போலீசார் செத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தோட்டாவாகப் போட வேண்டியிருந்த இடத்தில், ஆறையும் ஒரே தள்ளில் ஏற்றும் ‘ஸ்பீட் லோடர்’ புழக்கத்துக்கு வந்தது. 1986 ஏப்ரல் 11-ம் தேதி மயாமியில் எட்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இரண்டு வங்கிக் கொள்ளையரை மடக்கினார்கள். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். பெரும்பாலோரிடம் இருந்தது ரிவால்வர். அதில் ஒருவருக்குக் கையில் குண்டுபட்டு, திறந்த சிலிண்டரில் தோட்டாவை ஏற்றவே முடியாமல் போனது. எதிரே ஒருவன் கையில் ரைஃபிள் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ரைஃபிளுக்கு முன்னால் எந்தக் கைத்துப்பாக்கியும் இரண்டாம்பட்சம்தான். ஆனாலும் அடிபட்ட ஒற்றைக் கையால் ரிவால்வரை நிரப்புவது நடக்காத காரியம் என்ற பாடம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. ஆஸ்திரியாவிலிருந்து கிளாக் பிஸ்டல் அமெரிக்காவுக்கு வந்துசேர்ந்த சமயமும் அதுதான்.

நியூயார்க் போலீஸ் 1993-ல்தான் 9 எம்.எம். பிஸ்டலுக்குப் பொதுவாக அனுமதி கொடுத்தது. பழைய ஆட்கள் தங்கள் ரிவால்வரையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கடைசி ரிவால்வர்கள் பணியிலிருந்து விலகியது 2018-ல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரிவால்வரின் கனமான ட்ரிகருக்குப் பழகிய விரல் கிளாக்கின் லேசான ட்ரிகரில் தவறுதலாகச் சுட்டுவிடுமோ என்று பயந்து, கிளாக்கிலேயே ஐந்தரை கிலோ அளவுக்கு ட்ரிகரைக் கனமாக்கி வாங்கினார்கள். குறி தவறுவதற்கு அதுவே காரணம் என்று பின்னால் அந்த முடிவுக்கு நிறையத் திட்டு விழுந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

போலீசுக்கு ஆகாதது பொதுஜனத்துக்கு எப்படி ஆகும்? இரண்டு பேர் வேலையும் வேறு. போலீஸ்காரர் ஆபத்தை நோக்கிப் போக வேண்டியவர், குற்றவாளியைப் பிடித்து விலங்கு மாட்ட வேண்டியவர். சாதாரண ஆளுக்கு அந்த இடத்திலிருந்து தப்பித்துப் போனால் போதும். அவருடைய சிக்கல் நடக்கும் தூரம் இரண்டு மூன்று மீட்டர். நேரம் சில நொடி. ஐந்து தோட்டா போதுமா என்ற கேள்விக்கு இணையத்தில் தினமும் சண்டை நடக்கிறது. போதும் என்றோ போதாது என்றோ அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. என்ன நடக்கும் என்பது முன்கூட்டித் தெரியாததால்தானே துப்பாக்கி எடுத்துக்கொள்கிறார்கள்.

1987-ல் புளோரிடா, தகுதியுள்ள எவருக்கும் மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் புரூவன் வழக்குத் தீர்ப்பு நியூயார்க் போன்ற மாநிலங்களின் கெடுபிடியையும் உடைத்தது. தினமும் துப்பாக்கியைச் சட்டைக்குள் வைத்து நடமாடும் ஜனம் பெருகியது. நடுவில், 1994 முதல் 2004 வரை பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை இருந்தது. எப்படியும் பத்துதான் என்றானபின் பிஸ்டலைச் சின்னதாகச் செய்வதில் கம்பெனிகள் இறங்கின. 2018-ல் வந்த சிக் பி365 பிஸ்டல் அந்த ஓட்டத்தின் உச்சம்: அரை கிலோ எடை, உள்ளங்கையளவு உடம்பு, பத்துத் தோட்டா, அறையில் இன்னொன்று. குட்டி ரிவால்வரின் ‘சின்னதாக இருக்கிறது’ என்ற வாதம் அன்றோடு காலி.

ஆனாலும் ரிவால்வர் சாகவில்லை. 2009-ல் ரூகர் கம்பெனி பாலிமர் உடம்போடு எல்.சி.ஆர். கொண்டுவந்தது. ரிவால்வரே செய்யாத கிம்பர் 2016-ல் புதிதாக ஆறு தோட்டா ரிவால்வரில் இறங்கியது. கைவிட்டிருந்த ‘கோப்ரா’வை கோல்ட் 2017-ல் மறுபடி எடுத்தது. வெறும் பழம்பாசத்தால் இவ்வளவு முதலீடு வராது.

பிஸ்டலால் முடியாத சில காரியங்கள் ரிவால்வரால் முடியும். கோட்டுப் பைக்குள் கையை விட்டு, துப்பாக்கியை வெளியே எடுக்காமலே பிடித்துக்கொண்டு நிற்கலாம்; வேண்டியிருந்தால் பைக்குள்ளிருந்தே சுடலாம். சுத்தியல் மறைந்த மாடலில் துணி சிக்க எதுவும் இல்லை. பிஸ்டலின் ஸ்லைடு முதல் சுடுதலிலேயே துணியில் மாட்டி நின்றுவிடக்கூடும். அப்புறம், கைகலப்பு. ஆளோடு ஆள் ஒட்டிப் புரளும்போது பிஸ்டலின் முனை உடம்பில் அழுந்தினால் ஸ்லைடு ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் போகும். பாதுகாப்புக்காக அது சுடவே மறுக்கும். ரிவால்வருக்கு அந்த நோய் இல்லை. தோட்டா பலவீனமானதா முரட்டுத்தனமானதா என்பதும் அதற்கு ஒரு பொருட்டில்லை.

என்னைக் கேட்டால், ரிவால்வரின் பெரிய நன்மை பாதுகாப்புதான். அதைத்தான் கடைக்காரர்கள் குறைவாகப் பேசுகிறார்கள். தாழ்ப்பாளைத் தள்ளி சிலிண்டரைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஐந்து பித்தளை வட்டங்கள் தெரியும், அல்லது ஐந்து ஓட்டைகள் தெரியும். கண்ணில் பட்டதுதான் உண்மை. பிஸ்டலில் மேகசினைக் கழற்றியதும் ‘காலி’ என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். குழலின் அறையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். துடைக்கும்போது வெடித்தது, நண்பரிடம் காட்டும்போது வெடித்தது என்ற செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஒற்றைத் தோட்டா இருக்கும்.

சரி, இப்போது சுடும் பக்கம். குட்டி ரிவால்வரைக் கையில் எடுத்தவுடன் முதலில் கண்ணை உறுத்துவது குறிமுள். பல மாடல்களில் அது குழலின் மேல் செதுக்கிய சின்னச் சரிவு. பின்குறி என்பது உடம்பின் மேல்பட்டையில் ஓடும் ஒரு பள்ளம். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். வெளிச்சம் குறைந்தால் ஒன்றும் தெரியாது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. ஆகவே கையின் ஒரு சிறு நடுக்கம் இலக்கில் பெரிய விலகலாகிவிடும். பிடியோ சுண்டுவிரலுக்கு இடம் தராது. இந்த நிலையில்தான் முதலில் சொன்ன ஐந்தரை கிலோ இழுப்பு. காலித் துப்பாக்கியைச் சுவரில் ஒரு புள்ளிக்கு நேராகப் பிடித்து ட்ரிகரை இழுத்துப் பார்ப்பவருக்கு உடனே தெரியும்: பாதி இழுப்பில் முன்குறி ஆடும், கடைசி நொடியில் ஒரு பக்கம் சாயும். சுத்தியல் வெளியே உள்ள மாடலில் கட்டைவிரலால் அதைப் பின்னுக்கு இழுத்து வைத்தால் ட்ரிகர் லேசாகிவிடும், குறியும் துல்லியமாகும். ஆனால் படபடக்கும் கையில் அது ஆபத்து; ஒருவரை மிரட்டி நிறுத்தி வைத்திருக்கும்போதே வெடித்துவிடும். லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் போலீசார் தங்கள் ரிவால்வர்களில் அந்த வசதியையே எடுத்துவிட்டது இதனால்தான்.

எடை குறையக் குறைய உதைப்பு கூடும். நானூறு கிராம் துப்பாக்கியில் சக்தி மிகுந்த .357 மேக்னம் தோட்டாவைப் போட்டுச் சுடுவது உள்ளங்கைக்குச் செய்யும் கொடுமை. ஒரு பெட்டி முழுக்கச் சுட்டுப் பழகியவர்கள் குறைவு. அதைவிட மோசம், உதைப்பின் வேகத்தில் சுடாமல் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் ஈயமுனை கூட்டைவிட்டு முன்னால் நழுவும். சிலிண்டருக்கு வெளியே துருத்திக்கொண்டால் சிலிண்டர் சுழலாது. ரிவால்வர் சிக்காது என்று யார் சொன்னாலும், அது சிக்கினால் அந்த இடத்தில் சரிசெய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிஸ்டல் அடிக்கடி தும்மும், ஒரு தட்டுத் தட்டினால் சரியாகும். ரிவால்வர் படுத்தால் மேஜையும் கருவியும் வேண்டும்.

காலிக்கூட்டை வெளியேற்றுவதும் அப்படியே. குட்டைக் குழலுக்கு அடியில் இருக்கும் எஜெக்டர் கம்பியும் குட்டை. முழுநீளக் கூட்டை முழுசாக வெளியே தள்ளாது. துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து ஓங்கி அடித்தால் விழும். மெதுவாக, சாய்த்துப் பிடித்து அழுத்தினால் ஒரு கூடு, கூடுகளைத் தூக்கும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் தாள் நுழையும் அளவு இடைவெளி உண்டு. அதன் வழியே சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். பிஸ்டலுக்குப் பழகியவர் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடித்தால் விரல் கிழியும்.

இதையெல்லாம் தாண்டி வர முடியாதா என்றால், முடியும். ஜெர்ரி மிகுலெக் என்ற லூசியானாக்காரர் 1999-ல் ஆறு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டார், மொத்தம் 2.99 நொடி. பெரிய .45 ரிவால்வர், ஆயுள் முழுக்கப் பயிற்சி. வருடத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டி சுடுகிறவருக்கு அந்தக் கதையால் பிரயோஜனம் இல்லை.

வயசானவர்கள் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. கை வலுக்குறைந்தவரால் பிஸ்டலின் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க முடியாது, ஆகவே ரிவால்வர் என்பார்கள். விரல் மூட்டுவலிக்காரருக்கு ஐந்தரை கிலோ ட்ரிகர் அதைவிடக் கஷ்டம். ஸ்லைடை இரண்டு கையாலும் முதுகு பலத்தாலும் இழுக்கலாம். ட்ரிகருக்கு ஒரே ஒரு விரல்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனே 2018-ல் ஸ்லைடு லேசாக இழுபடும் ‘ஷீல்ட் ஈசட்’ பிஸ்டலை விட்டது இந்த வாடிக்கையாளர்களை மனதில் வைத்துத்தான். இன்னொரு வழி, பெரிய ரிவால்வர். நான்கு அங்குலக் குழல், ஒரு கிலோவை நெருங்கும் எடை, ஆறு தோட்டா. உதைப்பைத் துப்பாக்கியின் எடையே விழுங்கிவிடும், குறியும் தெளிவு. வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறவர் சட்டைப்பைக்குச் செய்த துப்பாக்கியை வாங்க ஒரு காரணமும் இல்லை. இருந்தும் அதைத்தான் வாங்குகிறார்கள், சின்னதாக, பார்க்க அழகாக இருக்கிறது என்று.

தோட்டாவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹாலோ பாயிண்ட் என்ற முனைக்குழித் தோட்டா உடம்பில் பட்டு விரிய வேகம் வேண்டும். இரண்டு அங்குலக் குழலில் அந்த வேகம் பெரும்பாலும் வராது. நியூயார்க் போலீசாரின் இரண்டாம் துப்பாக்கிகளுக்காக ஸ்பியர் கம்பெனி குட்டைக் குழலுக்கென்றே 135 கிரெய்ன் (ஏறக்குறைய எட்டே முக்கால் கிராம்) எடையில் ஒரு தோட்டா செய்தது. அனுபவசாலிகள் பலர் இன்னும் எளிய வழிக்குப் போகிறார்கள்: வாட்கட்டர். காகித இலக்கில் வட்டமாக ஓட்டை போடச் செய்த தட்டைமுனைப் பயிற்சித் தோட்டா அது. விரியாது, ஆனால் உதைப்பு குறைவு, ஆழமாகப் போகும். படாத பெரிய தோட்டாவைவிடப் படுகிற சின்னத் தோட்டா மேல் என்ற கணக்கு.

அதே கணக்கு இப்போது இன்னும் கீழே இறங்கியிருக்கிறது. 2024-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதே குட்டி உடம்பில் .32 எச் அண்ட் ஆர் மேக்னம் தோட்டாவுக்கு ஒரு மாடல் விட்டது. தோட்டா ஒல்லியானதால் ஐந்துக்குப் பதில் ஆறு, உதைப்பும் பாதி. 1984-ல் வந்த அந்த மேக்னம், 1896-ல் பிறந்த .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவை நீட்டிச் செய்ததுதான். பழையதையும் அதே சிலிண்டரில் போட்டுச் சுடலாம். 1896-ல் தியடோர் ரூஸ்வெல்ட் நியூயார்க் போலீஸ் ஆணையராக இருந்தபோது தேர்ந்தெடுத்ததும் ஒரு .32 கோல்ட் ரிவால்வர்தான். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்திருக்கிறார்கள்.

அந்த .32 லாங் தோட்டா நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. இந்தியாவில் உரிமம் வாங்கிக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் நிறையப் பேரிடம் இருப்பது அதுதான். அமெரிக்கர் பத்து வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். இங்கே தேர்வைச் சட்டமே செய்து கொடுத்துவிட்டது. 9 எம்.எம்., .38 போன்ற போலீஸ், ராணுவத் தோட்டாக்கள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவிலிருந்து தனியாருக்குக் கிட்டத்தட்ட மூடிய கதவு. பெரும்பாலும் மிஞ்சியது அரசுத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வரும் .32 பிஸ்டலும். பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் வடிவத்தைச் சுருக்கிச் செய்த அந்த ரிவால்வர் நடுவில் மடங்கித் திறக்கும் வகை; திறந்தவுடன் ஆறு கூடும் ஒன்றாக எழும்பும். ரிவால்வரில் காலிக்கூடுகளை வெளியேற்ற இதைவிட வேகமான ஏற்பாடு இல்லை. ஆனால் மடங்கும் கீல்தான் பலவீனம். அழுத்தம் அதிகமுள்ள தோட்டாவைத் தாங்காது. .32 லாங் தோட்டாவின் வேகம் நொடிக்கு இருநூறு மீட்டரை ஒட்டியது. சக்தியில் 9 எம்.எம். தோட்டாவில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில், பெண்களுக்காக என்று ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வர் வந்தது. அரை கிலோ எடை, நகைப்பெட்டி போன்ற பெட்டி, விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாயை ஒட்டி. பயந்து நடக்கும் பெண்ணுக்கு இந்த விலையில், இந்த உரிம நடைமுறையில் இது எட்டுமா என்று அப்போதே பலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ என்ற ரிவால்வர் வந்தது. மடங்காமல், அமெரிக்கப் பாணியில் சிலிண்டர் பக்கவாட்டில் சாயும் மாடல். ஐம்பது மீட்டர் வரை சுடும் என்று விளம்பரம். சிலிண்டர் மாற்றம் உண்மையிலேயே நல்ல முன்னேற்றம். ஐம்பது மீட்டர் என்பது தற்காப்புக்குச் சம்பந்தமில்லாத எண். அத்தனை தொலைவில் இருப்பவரைச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளைக் காட்டி எந்த வக்கீலாலும் சுலபமாக வாதாட முடியாது.

இங்கே உரிமத்திலேயே ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா, வருடத்துக்கு எத்தனை தோட்டா என்று எழுதியிருக்கும். அமெரிக்கர் ஒரு சனிக்கிழமை சுட்டுத் தீர்ப்பதை இங்கே ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நிறையப் பயிற்சி கேட்கும் துப்பாக்கி, பயிற்சிக்கு வழியில்லாதவர் கையில் போய்ச் சேருகிறது. பெரும்பாலோர் வாங்கி, வருடக்கணக்கில் பீரோவில் வைத்து, தேர்தல் அறிவிப்பு வந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிவு வந்தபின் திரும்ப வாங்கிவருவதோடு சரி.

பீரோ என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் ஏற்படும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டுக்குள் வரும் துப்பாக்கி முதலில் வீட்டிலிருப்பவர்களுக்கே ஆபத்து. கனமான ட்ரிகரைக் குழந்தையால் இழுக்க முடியாது என்ற நம்பிக்கை பழையது. 1887-லேயே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், பிடியை இறுக்கினால்தான் சுடும் ஒரு ரிவால்வரை எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளால் சுட முடியாது என்று சொல்லி விற்றது. குழந்தை இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினால் அந்தக் கணக்கு பொய்யாகும். சுவரோடு பொருத்திய, விரலால் எண்களை அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி இல்லாமல் துப்பாக்கி வாங்குவதில் அர்த்தமில்லை.

புதிய இறக்குமதி இல்லாததால் இந்தியாவில் பழைய வெப்லிகளும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களும் கைமாறிக் கைமாறி லட்சக்கணக்கில் விலைபோகின்றன. அவற்றை வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்ப்பதைவிட டைமிங்கை, அதாவது சிலிண்டர் சரியான நேரத்தில் பூட்டிக்கொள்கிறதா என்பதைப் பார்ப்பது நல்லது. துப்பாக்கி காலி என்று கண்ணால் உறுதிசெய்துவிட்டு, சுத்தியலை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சுத்தியல் முழுசாக நிற்பதற்குள் சிலிண்டர் ‘க்ளிக்’ என்று பூட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஐந்து சரியாக இருந்து ஆறாவது பிசகுவது சகஜம். பூட்டிய சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்தால் கலகலவென்று ஆடக் கூடாது. இழுத்துவைத்த சுத்தியலைக் கட்டைவிரலால் முன்பக்கம் தள்ளினால் நழுவக் கூடாது. நழுவினால் யாரோ ட்ரிகரை லேசாக்குகிறேன் என்று உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள். அறையும் குழலும் நேராக நிற்காத ரிவால்வர் ஒவ்வொரு சுடுதலிலும் ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பும். சிலிண்டரின் முன்முகத்தைச் சுற்றி உடம்பில் ஈயப்பூச்சு படிந்திருந்தால், கடைக்காரர் என்ன கதை சொன்னாலும், பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.